சென்னை உயர் நீதிமன்றமும் மலைநாட்டுத் தமிழரும்

நீதி என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் முதலில் ஒலிப்பது ஓர் ஆராய்ச்சி மணியாகும். கன்றை இழந்த பசு ஒன்று அரண்மனை வாயிலிற் கட்டியிருந்த மணியை அசைக்க, அதன் துயரைத் தன் துயராகக் கொண்ட சோழ வேந்தன், தேரேறிச் சென்ற தன் ஒரே மைந்தனையும் தேர்க்காலில் இட்ட வரலாற்றைச் சிறு பராயத்திலேயே நாம் கேட்டிருக்கின்றோம். அநுராதபுரத்திலிருந்து அரசோச்சிய எல்லாள மன்னனைப் பற்றி மகாவம்சமும் இதனையொத்த கதையைக் கூறுகின்றது. பகையரசன் என்று கருதப்பட்டவனுடைய செங்கோன்மையை மறைக்காமற் போற்றிய அந்நூலாசிரியரின் நேர்மையும் பாராட்டுதற்குரியதே.

இக் கதையில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த மணி எவ்வளவு பெரியது, எந்த உலோகத்தால் ஆனது என்பதையெல்லாம் கதை பெரிதாகக் கருதவில்லை. வாய்பேச மாட்டாத பசுவுக்கும் அதன் கயிறு எட்டியது என்பதே கதையின் உயிர். நீதிமன்றங்களின் வரலாற்றைப் படிப்போர் அரசர் எவர், நீதிபதி எவர் என்று கேட்பதோடு நின்றுவிடுதல் போதாது. கயிறு எவருக்கு எட்டியது, எவருக்கு எட்டவில்லை என்றும் கேட்கவேண்டும். அக் கேள்வியோடு, 1862ஆம் ஆண்டு முதல் இன்றுவரை இடையறாது நீதி வழங்கிவரும் சென்னை உயர் நீதிமன்றத்தை நோக்குவதே இக் கட்டுரையின் கருத்தாகும். மலைநாட்டிலே பிறந்த நமக்கு அக் கட்டடத்தோடு யாது தொடர்பு என்று வாசகர் வினவலாம். தொடர்பு உண்டு, அதனை முறையாகக் கூறுவேன்.

கோயில் இருந்த இடம்

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கோட்டைக்கு வடபால் அமைந்துள்ள இந் நீதிமன்றத்தின் நிலம் பழைய வரலாறு உடையது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில வணிகர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டியபோது, அதன் அருகே தமிழரும் தெலுங்கரும் குடியேறிய நகரைக் ‘கறுப்பர் பட்டணம்’ என அவர்கள் அழைத்தனர். அப் பட்டணத்தின் நடுவே சென்ன கேசவப் பெருமாள் கோயில் விளங்கியது. இன்று நீதிமன்றம் நிற்கும் இடமே அக் கோயில் இருந்த இடம்.

1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். நகரை மீளப் பெற்ற ஆங்கிலேயர், கோட்டையைச் சூழ வெட்டவெளி இருந்தாலன்றிப் பகைவரை அண்டவிடாமற் பீரங்கியால் சுடமுடியாது எனக் கருதினர். வீடுகள் இடிபட்டன. 1757ஆம் ஆண்டில் கோயிலும் இடிபட்டது. மக்கள் மனங் கொதித்ததைக் கண்ட கும்பினியார் வேறிடமும் பொருளும் அளித்தனர். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் சென்ன கேசவருக்கும் சென்ன மல்லீசுவரருக்கும் அருகருகே இரட்டைக் கோயில்கள் எழுந்தன. பூக்கடைப் பகுதியில் இன்றும் அவை வழிபாட்டில் உள்ளன.

போருக்காகக் கோயிலை இடித்த இடத்தில், நூற்றாண்டு ஒன்று கழிந்தபின் நீதிக்காக ஒரு மாளிகை எழுந்தது. தெய்வத்தின் முன் முறையிட்ட மண்ணிலே மனிதர் முன் முறையிடும் வழக்கம் தொடர்ந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். எனினும், அன்று தம் கோயிலைக் காக்க முறையிடுதற்கு அம் மக்களுக்கு ஏற்ற ஒரு மன்றம் இருக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

மன்றம் வளர்ந்த வரலாறு

சென்னையில் 1801ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு நிறுவப்பட்டது. சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச் அதன் முதற் பிரதம நீதியரசர். அதே 1801ஆம் ஆண்டின் அரச சாசனத்தாலேயே இலங்கைக்கும் ஓர் உயர் நீதிமன்றம் அமைக்கப்பட்டது. இவ்விரு மன்றங்களும் ஏறக்குறைய ஒரே வயதினர் எனலாம்.

அதற்குச் சற்று முன்னர், 1796 முதல் 1798 வரை, ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆங்கிலேயர் சென்னையிலிருந்தே ஆண்டனர். சென்னையிலிருந்து வந்த அமில்தார்கள் தென்னை மரத்துக்கும் வரி விதிக்க, 1797ஆம் ஆண்டில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நமது ஊவா அப்பொழுது கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. ஆகையால் அவ் வரியிலிருந்து தப்பியது. பிறகு 1815இல் கண்டி வீழ்ந்ததும், 1817-18இல் ஊவாவிலே பெருங் கலகம் மூண்டதும் நாம் அறிந்தவையே.

1862ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரின் ஆணையால் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் உயர் நீதிமன்றங்கள் தோன்றின. சென்னை மன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆந் தேதி தொடங்கிற்று. 85 ஆண்டுகள் கழிந்து அதே தேதியில் பாரதம் விடுதலை பெறப்போகின்றது என்பதை அன்று எவரும் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். சர் காலி ஸ்காட்லாந்து முதற் பிரதம நீதியரசராக அமர்ந்தார். கடற்கரைச் சாலையில் இருந்த பெந்திங் கட்டடத்திலேயே மன்றம் முதலில் நடைபெற்றது. இடம் போதாமையால் புதிய மாளிகை கட்டத் தீர்மானித்தனர்.

பிராசிங்டன் என்பவர் முதல் வரைபடத்தை ஆக்க, ஹென்றி இர்வின் என்னும் சிற்பி அதனைத் திருத்தி முடித்தார். கட்டும் பொறுப்பை ஏற்றவர் நம்பெருமாள் செட்டியார். 1892ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் தேதி ஆளுநர் வென்லாக் பிரபு மாளிகையைத் திறந்துவைத்தார். பிரதம நீதியரசர் சர் ஆர்தர் காலின்ஸ் அதனை ஏற்றுக்கொண்டார்.

கண்ணாற் கண்டவை

சென்ற விடுமுறையில் தலயாத்திரை செல்லும் உறவினரோடு தமிழகம் போந்த நான், சென்னையில் ஒரு நாளை இம் மன்றத்தைக் காண்பதற்கென ஒதுக்கினேன். உறவினருக்குப் பழக்கமான வழக்கறிஞர் ஒருவர் வழிகாட்டினார். வாயிற் சோதனைகள் முடிந்து உள்ளே சென்றதும் முதலில் மனத்தைக் கவர்வது செங்கல்லின் செம்மை நிறமே. கூம்பிய கோபுரங்களும், வளைந்த மாடங்களும், தூண் வரிசைகளும், சுடுமண் வேலைப்பாடுகளும் கூடி, இந்து, முகம்மதியக் கட்டடக் கலைகள் ஐரோப்பியர் கையிலே கலந்த விந்தையைக் காட்டுகின்றன. கூரையின் உட்புறம் வண்ணச் சித்திரமும், கதவுகளிலே நிறக் கண்ணாடியும் உள்ளன. 13ஆம் இலக்க மன்றின் அலங்காரம் சிறப்பாகப் பேசப்படுகின்றது.

நடுக் கோபுரம் 175 அடி உயரமுடையது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சியிலேயே சென்னையின் கலங்கரை விளக்கு எரிந்தது. அதற்கு முன்பு பயன்பட்ட, 1844ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட பழைய விளக்குத் தூண் இன்றும் வளவினுள்ளே நிற்கின்றது. நீதிக்கும் கப்பலோட்டிகளுக்கும் ஒரே கோபுரத்தில் விளக்கேற்றியது எத்துணைப் பொருத்தம்! நமது முன்னோர் கடல் கடந்து இலங்கை வந்துகொண்டிருந்த காலத்திலே, அவ் விளக்கு அக் கரையில் எரிந்துகொண்டிருந்தது.

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டது. எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றின. ஒரு குண்டு மன்றத்தின் மதிலிலும் விழுந்தது. அவ்விடத்தில் பதித்த கல்வெட்டை அங்கே காணலாம். “எம்டன்” என்றாற் கெட்டிக்காரன், பொல்லாதவன் என்று பொருள்படும் வழக்கு நம் ஊர்ப் பேச்சிலும் உண்டன்றோ? அதன் பிறப்பிடம் இந் நிகழ்ச்சியே.

வெள்ளிக் கோல் ஏந்திய டபேதார் முன்னே நடக்க, நீதியரசர் பின்னே வருவது இன்றும் மாறாத மரபாகும். ஆடவரே ஏற்றுவந்த அப் பணியை 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு பெண்மணி ஏற்றார். ஆண்டில் ஒரு நாள், சனி இரவு முதல் ஞாயிறு இரவு வரை, மன்றத்தின் எல்லா வாயில்களையும் பூட்டிவிடுவர் என வழிகாட்டியவர் கூறினார். நாள்தோறும் பொதுமக்கள் வளவினூடே நடந்து செல்வதால், அது பொது வழியாகிவிட்டது என எவரும் உரிமை கோராதிருத்தற்கே இந்த ஏற்பாடாம். ஊரார் வழக்கையெல்லாம் தீர்க்கும் மன்றமும் தன் நிலத்தைச் சட்டப்படி காத்துக்கொள்கின்றது!

வெறுங்கால் நீதியரசர்

மாளிகையினுள்ளே ஒரு சலவைக்கற் சிலை இருக்கின்றது. அது சர் தி. முத்துசாமி ஐயருடையது. அமர்ந்த கோலம், காலில் செருப்பில்லை. 1832ஆம் ஆண்டில் தஞ்சை நாட்டில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், மாதம் ஒரு ரூபா சம்பளத்தில் கிராமக் கணக்கரின் உதவியாளராக வாழ்வைத் தொடங்கியவர். தெருவிளக்கின் கீழ்ப் படித்தவர் எனவும் கூறுவர். அவரே இம் மன்றத்தின் முதல் இந்திய நீதியரசரானார். 1893ஆம் ஆண்டிற் சில மாதங்கள் பதிற் பிரதம நீதியரசராகவும் கடமையாற்றினார்.

அவருடைய நியமனத்தை ஆங்கிலேயரின் பத்திரிகைகள் சினந்து எதிர்த்தன. அவற்றுக்கு விடை கூற நம்மவர்க்கு ஒரு பத்திரிகையும் இல்லை. இதனைக் கண்டு பொறாத வாலிபர் அறுவர், அவர்களுள் இருவர் ஆசிரியர், நால்வர் சட்டக் கல்லூரி மாணவர், ஒன்றே முக்கால் ரூபாயைக் கடனாகப் பெற்று, 1878ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் தேதி எண்பது பிரதிகள் அச்சிட்டனர். அதுவே இன்று உலகறிந்த ‘தி ஹிந்து’ நாளிதழ். வாலிபர் சங்கத்தின் மலரிலே இச் செய்தி இடம்பெறுதல் தகும். பணமும் பதவியும் இல்லாத ஆறு இளைஞர், ஒரு நீதியரசருக்காகவன்று, நீதிக்காகவே எழுந்தனர்.

ஒடுக்கப்பட்ட வகுப்பிலே தோன்றிய ஏ. வரதராசன் 1973ஆம் ஆண்டில் இம் மன்றத்தின் நீதியரசராகவும், 1980ஆம் ஆண்டில் பாரதத்தின் உச்ச நீதிமன்ற நீதியரசராகவும் ஆனார். அவ்வுச்ச நீதிமன்றத்தில் அவ் வகுப்பினர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதன்முறை. மணிக் கயிறு சிறிது சிறிதாகத் தாழ்ந்து வந்ததை இவ்விருவர் வாழ்வும் காட்டும்.

கூண்டில் நின்றோர்

இம் மன்றம் எக்காலத்தும் நீதியின் பக்கமே நின்றது என்று கூறினால் அது முகத்துதியாகிவிடும். அந்நிய அரசின் சட்டத்தையே அது நடத்தியது. சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளைக்கு 1908ஆம் ஆண்டில் திருநெல்வேலி நீதிபதி பின்ஹே விதித்த கொடுந் தண்டனையை, மேன்முறையீட்டில் இம் மன்றம் ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது. விடுதலை அளிக்கவில்லை, ஆயினும் வாழ்நாள் முழுதும் சிறையில் மாளும் விதியிலிருந்து அவரை மீட்டது. கலெக்டர் ஆஷ் 1911இல் மணியாச்சியில் சுடப்பட்ட வழக்கை மூன்று நீதியரசர் அமர்ந்து இங்கேயே விசாரித்தனர். அவருள் ஒருவர் சங்கரன் நாயர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுக் கடுங்காவல் கிடைத்தது.

நம் தாத்தா பாட்டிமார் மறவாத இன்னொரு வழக்கு, 1944ஆம் ஆண்டின் இலட்சுமிகாந்தன் கொலை வழக்காகும். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றுச் சிறை சென்றனர். இலண்டனிலிருந்த கோமறைக் கழகம், அதாவது பிரிவிக் கவுன்சில், மீண்டும் ஆராயும்படி பணித்தது. 1947ஆம் ஆண்டில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலையாயினர். வழக்கை வென்ற பாகவதரின் பழைய வாழ்வு திரும்பவில்லை. காலந் தாழ்த்த நீதியின் துன்பத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நமக்கு எட்டாத கயிறு

இனி நம் மலைநாட்டிற்கு வருவோம். நம் மூதாதையர் நீதிமன்றத்தை எப்படி அறிந்தனர்? வாதியாக அறிந்தனரா? இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டுப்போன தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான், சிறைக்கும் அனுப்பப்பட்டான். கூலி கிடைக்காதவன் துரையை எதிர்த்து மன்றேறுவது எளிதாயிருக்கவில்லை. துரைக்கோ, ஓடிப்போன கூலியை மன்றேற்றுவது மிக எளிதாயிருந்தது. கயிறு ஒரு பக்கத்தார் கைக்கே எட்டியது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்ற பெருமக்களின் இடையறாத முயற்சியால், 1921ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிந்தது. அதனையொட்டி இத் தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. அருணாசலம் அவர்கள் தாமே நீதிபதியாகக் கடமையாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் நம்மவரின் வாக்குரிமையைப் பறித்தன. அப்பொழுது கோடாகன்பிள்ளை என்பவர், றுவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பித்தார். திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், ஓர் இனத்தாரை மட்டும் தாக்கும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடுக்கின்றது எனக் கண்டு, விண்ணப்பதாரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். கொழும்பு புதுக்கடையிலே உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்கு இலண்டன் சென்றது. 1953ஆம் ஆண்டில் கோமறைக் கழகமும் கைவிரித்தது. பாகவதரைச் சிறையிலிருந்து விடுவிக்க வழி திறந்த அதே கழகம், பல இலட்சம் தோட்டத் தொழிலாளரின் முறையீட்டை ஏற்கவில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்தனர். அந்த மக்களை எவரும் ஒரு மன்றின் முன் அழைத்து, உன் விருப்பம் யாது என ஆறுதலாகக் கேட்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இந்நாட்டில் நாடற்றோர் என்னும் பழியைத் துடைத்தது.

மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு

1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பின் தமிழகம் ஓடியவர்களுள் மலைநாட்டாரும் பலர். அவர் முகாம்களிலே அகதிகளாகப் பதியப்பட்டனர். ஒப்பந்தப்படி சென்றவர் இந்தியப் பிரசைகள் ஆயினர். உயிருக்கு அஞ்சிச் சென்றவரோ இரு நாட்டுக்கும் அந்நியராயினர். சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை ஒன்று 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆந் தேதி மதுரையில் தொடங்கிற்று. அக் கிளையின் முன், இவ்வாறு முகாமில் வாழ்ந்த 65 பேர் மனுச் செய்தனர். தாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியத் தமிழரின் வழித்தோன்றல்கள். தமக்குக் குடியுரிமை வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

2019ஆம் ஆண்டு ஜூன் 17ஆந் தேதி நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். குடியுரிமை வழங்கும் அதிகாரம் அரசுக்கே உரியது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். எனினும், இவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரங்களுக்குள் அவற்றை ஆராய்ந்து முடிவு கூறவேண்டும் எனப் பணித்தார். 2022ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கில், 1986இல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண்மணிக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு அதே கிளை ஆணையிட்டது. 1987ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதிக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிகள் என்பது அந்நாட்டுச் சட்டம். அச் சட்டம் நெடுங்காலம் ஏட்டில் இருந்தது. ஒரு பெண் துணிந்து மன்றேறிய பின்னரே அது அவருக்கு உயிர்பெற்றது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

விவிலியத்தில் ஓர் உவமையுண்டு. ஈரமற்ற நீதிபதி ஒருவனிடம் கைம்பெண் ஒருத்தி ஓயாது வந்து முறையிட, அவள் தொல்லை தாளாமலேனும் அவன் நீதி செய்தான் என்பது அது. நம் கண்ணகியோ ஒற்றைச் சிலம்புடன் பாண்டியன் அவையேறினாள். சமயம் வேறு, நாடு வேறாயினும் இவ்விரு கதைகளும் கூறுவது ஒன்றே: முறையிடுவோர் வாயடைத்து நின்றால் நீதி தானே நடந்து வீடு தேடி வராது.

நாம் செய்யக்கூடியது

சென்னை மன்றத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. தமிழகத்தின் தலைமை நீதிமன்றத்தில் இன்றும் ஆங்கிலமே வழக்கு மொழி. தமிழை வழக்கு மொழியாக்கக் கோரிச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டில் தீர்மானம் இயற்றியும் அது நிறைவேறவில்லை. தன் நிலத்தைப் பற்றி வழக்கறிஞர் யாது பேசுகின்றார் என அறியாமல் பின்வாங்கில் அமர்ந்திருக்கும் உழவர்களை அங்கே கண்டபோது, நமது ஊர் நினைவே எனக்கு எழுந்தது.

இலங்கை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகள் என்கின்றது. ஊவாவில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நடைபெறினும், வழக்காளி தன் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொடுக்கலாம். நடப்பது விளங்காவிடின் மொழிபெயர்ப்பு கேட்டுப் பெறலாம். இது எவரும் இரங்கி அளிக்கும் சலுகை அன்று. நாட்டின் மூலச் சட்டம் தந்த உரிமை. ஆயின் நமுனுகுலை மலையடியில் கொழுந்து பறிக்கும் எத்தனை தாய்மார் இதனை அறிவர்? அறியாத உரிமை, கைக்கெட்டாத கயிற்றை ஒக்கும்.

ஆகவே நமது சங்கத்தினர்க்கு இரு வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்று, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, சேமலாப நிதி முதலியவற்றில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளை எளிய தமிழில் லயந்தோறும் எடுத்துச் சொல்வது. ஞாயிறு தோறும் சமய வகுப்பு நடத்தும் நமக்கு, திங்களில் ஒரு ஞாயிறை இதற்கென ஒதுக்குதல் அரிதன்று. மற்றொன்று, நம் தம்பி தங்கையருள் ஆற்றலுடையோரைச் சட்டம் பயிலவும், இரு மொழியும் நன்கு கற்றுத் தகுதியான மொழிபெயர்ப்பாளராகவும் ஊக்குவிப்பது. மருத்துவரும் பொறியியலாளரும் நமக்குத் தேவையே. ஆனால், பசறையிலோ பதுளையிலோ ஒரு தொழிலாளி மன்றேறும்போது, அவன் மொழியில் அவன் துயரைக் கேட்டு எடுத்துரைக்கும் சட்டத்தரணி நம்முள் ஒருவராய் இருத்தலும் அத்துணைத் தேவை.

கிராமக் கணக்கரிடம் ஒரு ரூபாவுக்கு உழைத்த சிறுவன் நீதியாசனத்தில் ஏறினான். ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் ஆறு வாலிபர் ஒரு நாட்டின் குரலானார்கள். அவர்களிடம் இருந்ததை விட இன்று நம்மிடம் வசதி மிகுதி. ஆராய்ச்சி மணியின் கயிறு தோட்டத்து ஏழைக்கும் எட்டவேண்டுமாயின், அதனைப் பிடித்துத் தாழ்த்தும் கைகள் நம் கைகளாகவே இருத்தல் வேண்டும்.